பத்துமலைக்கு முன்னால் ஏற்காடு

2026 ஜனவரி 23, வெள்ளி, சேலம்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு மாதத்தில் மூன்று தேதிகள் தூக்கத்திலும் மறக்காது. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கு. பதினெட்டு வருஷமாக இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் எனக்குக் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எல்லாம். ஊர் சுற்றுவதென்றால் 21க்கு மேல்தான். அதிலும் ஜூலை, செப்டம்பர், அக்டோபரில் வருமான வரிக் கணக்கு கழுத்தை நெரிக்கும். மார்ச் கடைசியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிஞ்சுவது பிப்ரவரிக் கடைசியும் நவம்பர் கடைசியும். அந்த இரண்டு இடைவெளியில்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய் வருகிறேன்.

2013இல் அம்மாவும் அவருடைய தோழிகள் நான்கு பேரும் சிங்கப்பூர் பார்க்க ஆசைப்பட்டார்கள். தனியாக அனுப்ப மனசு வராமல் கூடப் போனேன். அடுத்த வருஷம் அவர்கள் சொல்லி ஒன்பது பேர் வந்தார்கள். இப்படியே இலங்கை, துபாய், பாலி என்று பதினோரு பயணம் ஆகிவிட்டது. நான் ஏஜென்ட் கிடையாது. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஒரு டிராவல்ஸ் பார்த்துக்கொள்ளும். கூடவே போவது, தலையை எண்ணுவது, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பது, மறுபடி எண்ணுவது, போனபடியே திருப்பிக் கொண்டு வந்து சேர்ப்பது, இதுதான் என் வேலை. அதற்கு என் டிக்கெட் காசு மிச்சம். ஆசைக்குத்தான் செய்கிறேன்.

போன நவம்பரில் பாங்காக்கில் இரண்டாவது நாளே பஸ்ஸின் முன் சீட்டுக்காக இரண்டு குடும்பம் முறைத்துக்கொண்டது. மீதி நான்கு நாளும் சாப்பாட்டு மேஜையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டதே விமான நிலையத்தில்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் கடல் தாண்டும் முன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு ராத்திரியாவது இருக்க வேண்டும்.

பிப்ரவரி 21 மலேசியா. குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு கிடைத்தது. நாளைக் காலை ஏற்காடு. என்னோடு சேர்த்து 17 பேர்.

ஜனவரி 24, சனி, மலை ஏறினோம்

வேன் வைக்கவில்லை. சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு அரசு பஸ். அவரவர் பையை அவரவர்தான் தூக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். பள்ளப்பட்டியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கொஞ்சம் சங்கடப்பட்டார். “தலைக்கு நானூறு போட்டா ஒரு டெம்போ டிராவலர் வந்திருக்குமேங்க மேடம்?” வந்திருக்கும்தான். ஆனால் கோலாலம்பூரில் ரயில் படிக்கட்டில் அவருடைய பையை யார் தூக்குவார்கள்? அதை இங்கேயே பார்த்துவிடலாம் என்றேன். சரி என்று தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மாபேட்டையிலிருந்து வந்த அம்மாவுக்கு 67 வயது. நாற்பது வருஷம் தறிக்குப் பாவு ஓட்டிய கை. பாஸ்போர்ட் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இடுப்பு அளவு பை ஒன்று, அதில் பாதி முறுக்கு. பேரன் வாங்கிக் கொடுத்த புது வெள்ளை ஷூவைச் சேலைக்குக் கீழே போட்டிருந்தார். “கடிக்குதுங்க கண்ணு, ஆனா கழட்ட மாட்டேன்” என்றார்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று எழுதிய பலகை உண்டு. நீண்ட விடுமுறை என்பதால் சேலமே மலைக்குக் கிளம்பிவிட்டது போல் கூட்டம். பாதி மலையில் ஒரு கார் வளைவில் முந்தப் பார்த்து நடுவில் மாட்டிக்கொள்ள, ஐம்பது நிமிஷம் அப்படியே நின்றோம். ரிட்டயர்டு ஹெச்.எம். சாரின் மனைவி டீச்சரம்மாவுக்கு வயிறு புரட்டியது. பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த மலைக்காரப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கூடையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தார். தோலை இரண்டாக மடித்து டீச்சரம்மாவின் மூக்குக்குக் கிட்டே வைத்து அழுத்தினார். பொடிப்பொடியாக எண்ணெய் தெறித்து, இரண்டு சீட் தள்ளி இருந்த எனக்கே மணம் வந்தது. புரட்டல் நின்றுவிட்டது. காசு நீட்டினோம், வாங்கவில்லை. சுளையையும் கொடுத்துவிட்டு நாகலூர் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.

இந்த மலையில் மலையாளி என்றால் கேரளாக்காரர் என்று வெளியூர் ஆட்கள் நினைத்துவிடுவார்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறி வந்தோம் என்றுதான் இவர்களுடைய பழங்கதை சொல்கிறது. நாங்கள் தங்கிய எஸ்டேட் வீட்டில் சமைத்த அக்காவும் மலையாளிதான். மதியம் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், பச்சை மிளகை நசுக்கிப் போட்ட ரசம். களியை விரலால் குழித்துக் குழம்பு ஊற்றிக்கொள்ளும் விதத்தை, ஜவ்வரிசி ஆலையில் அக்கவுண்டன்டாக இருக்கும் தங்கச்சி தன் மகளுக்குக் காட்டிக்கொடுத்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தட்டை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கிளியூர் அருவி. சுமார் 300 அடி அருவி, ஆனால் தை மாதத்தில் பாறையில் ஈரம் வழிகிற அளவுதான் தண்ணீர். எனக்கு அருவி முக்கியமில்லை, அங்கே இறங்கும் படிகள்தான் வேண்டும். மலேசியாவில் பத்துமலை முருகன் கோயில் குகைக்கு ஏற 272 படி. யாருக்கு முட்டி வலி, யார் மூச்சு வாங்குவதை மறைக்கிறார்கள், யார் நின்று கை கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். அம்மாபேட்டை அம்மா 83ஆவது படியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணிக்கொண்டே இறங்கியிருக்கிறார். “அங்க எத்தனைன்னு சொன்ன கண்ணு?” 272ம்மா என்றேன். ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கொலுசுக்கார அண்ணன் எல்லோருக்கும் முன்னால் போய், அருவியைப் போட்டோ எடுத்து, நாங்கள் பாதி தூரம் இறங்குவதற்குள் திரும்பி மேலே போய்விட்டார். அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி ஒரு பிளேட் 50 ரூபாய், டீ 20. லீவு நாள் விலை. கடைக்காரர் டீச்சரம்மாவுக்கு மட்டும் கேட்காமலே ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தார். இருட்டியதும் பனி இறங்கி, எதிரில் நிற்கிறவர் சால்வையின் நிறம்கூடத் தெரியவில்லை.

அதே நாள் ராத்திரி, பாஸ்போர்ட் மேஜை

சாப்பிட்டு முடித்ததும் எல்லா பாஸ்போர்ட்டையும் மேஜை மேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். முதலில் காலாவதி தேதி. இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். 16இல் ஒன்று ஜூலையில் முடிகிறது. நல்லவேளை, புதுப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது.

அப்புறம் பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். அம்மாபேட்டை அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. கீழே அவர் பெயர் மட்டும் ஒற்றையாக நிற்கிறது. ஹெச்.எம். சாருக்கு அப்பா பெயர் சர்நேமில் முழுசாக வந்திருக்கிறது, ஆனால் டிராவல்ஸ் அனுப்பிய பட்டியலில் வெறும் இனிஷியல். இந்த ஒரு எழுத்துக்காக கவுன்ட்டரில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று சொன்னபோது, துபாய்க்குப் பணம் கட்டியிருந்த என் குழுவில் நான்கு பேருக்கு ஒற்றைப் பெயர். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் வருவதற்குள் இரண்டு பேர் பயந்துபோய் விலகிவிட்டார்கள். அதிலிருந்து பெயரை எழுத்து எழுத்தாக நானே வாசித்து, டிக்கெட்டில் எப்படி வர வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். ஜவ்வரிசித் தங்கச்சி தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க டிக் போட்டுக்கொடுத்தாள்.

டிசிஎஸ் பற்றியும் சொன்னேன். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போதே டிராவல்ஸ் கூடவே பிடிக்கும் வரி. அது நம்முடைய பான் எண்ணில் வரவாகும் வரிப் பணம், ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். கொலுசுக்கார அண்ணனுக்கே இது புதுசு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வருஷம் டிராவல்ஸில் 14 பேர் டிசிஎஸ்ஸையும் என் ஒருத்தி பான் எண்ணிலேயே ஏற்றிவிட்டார்கள். ஜூலையில், பான் எண்ணில் ஏறிய வரியெல்லாம் பதிவாகும் என் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தபோது நெஞ்சு ஒரு தடவை நின்று துடித்தது. ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிறவள் என் கணக்கைத் திருத்தி வாங்க நான்கு மாதம் அலைந்தேன்.

விசா இப்போதைக்கு வேண்டாம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை மலேசியா 2026 டிசம்பர் வரை விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பிப்ரவரி 19 வாக்கில் நோன்பு மாதம் தொடங்குகிறது என்பதையும் சொன்னேன். பகலில் நோன்பு இருப்பவர்கள் எதிரில் தின்றுகொண்டே நடக்கக் கூடாது. சாயங்காலம் ரமலான் பஜாரில் எல்லோரும் சாப்பிடலாம். அப்புறம் மசாலாப் பொடி. முதல் சிங்கப்பூர் பயணத்தில் ஒரு அத்தை குருமாப் பொடி கட்டி வைத்திருந்தார், கசகசா போட்டு அரைத்தது. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். கிளம்பும் முன் வீட்டிலேயே பார்த்து எடுத்துவிட்டோம். அதிலிருந்து எந்த நாடாக இருந்தாலும் கசகசா வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இதைக் கேட்டதும் அம்மாபேட்டை அம்மா, “முறுக்குல சீரகமும் எள்ளும்தாங்க” என்று அவசரமாகச் சொன்னார்.

படுக்கும்போது மணி பதினொன்றரை. போன் 13 டிகிரி காட்டியது. கம்பளி பற்றவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை 6.40க்கு எங்கள் ஆடிட்டர் சாரிடமிருந்து போன். ஒரு கிளையன்ட்டுக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸுக்கு 27ஆம் தேதி கடைசி. ஒரு சப்ளையரின் இன்வாய்ஸ் கணக்கு இடிக்கிறது, அந்த ஃபைல் என் லேப்டாப்பில் இருக்கிறது. சிக்னல் கிடைப்பது மாடி வராந்தாவின் ஒரே ஒரு மூலையில்தான். அங்கே நின்று 22 நிமிஷம் பேசினேன். கீழே எல்லோரும் காப்பித் தோட்டம் பார்க்கக் கிளம்புகிற சத்தம் கேட்டது. “போங்க, பின்னாலயே வர்றேன்” என்று கை காட்டினேன். எண்ணவில்லை.

ஏழேகாலுக்கு தோட்டத்தில் போய்ச் சேர்ந்து எண்ணினால் 16. கொலுசுக்கார அண்ணனைக் காணோம். அவர் மனைவி, “முன்னாடி போயிருப்பாருங்க” என்றார். முன்னாடி யாரும் இல்லை. போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. பனி விலகாத நேரம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி வரை தைரியமாக இருந்தோம். ஒரு மணி ஆனதும் அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை உள்ளவராம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். அதை என்னிடம் முன்பு யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எஸ்டேட் மேஸ்திரி இரண்டு பையன்களை ஆளுக்கொரு திசையில் அனுப்பினார். ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து, கீழ்ச் சரிவில் காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்திலிருந்து கூட்டி வந்தார்கள். மிளகு வாங்க வந்த வியாபாரி ஒருவர் பின்னாலேயே பேசிக்கொண்டு போய்விட்டாராம். கிலோ எண்ணூறுக்குக் கிடைக்கிறது, ஐந்து கிலோ சொல்லி வைத்திருக்கிறேன் என்று சந்தோஷமாக வந்தவர், மனைவி முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஹெச்.எம். சார் சத்தம் போட்டார். “பத்தாங்கிளாஸ் பையன்கூட சொல்லிட்டுத்தான் போவான்!” அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

எனக்குச் சத்தம் போட வாய் வரவில்லை. அவர் சொல்லாமல் போனது தப்புதான். ஆனால் காதில் ஆபீஸை வைத்துக்கொண்டு 16 பேரைக் கையசைத்து அனுப்பியது நான். இது கோலாலம்பூராக இருந்தால்? மொழி தெரியாத ஊர், தேடிப் போக மேஸ்திரி இல்லை. எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். நான் எண்ணாதது என் தப்பு, இனிமேல் நான் போனில் இருக்கும்போது இன்னொருவர் எண்ண வேண்டும், இல்லையென்றால் குழு நகரக் கூடாது. கேட்டு முடித்த ஜவ்வரிசித் தங்கச்சி ஒன்றும் பேசாமல் ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள். 17. அந்த எண்ணைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம்தான் தோட்டத்தையே பார்த்தேன். அறுவடையின் கடைசிச் சுற்று. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இருநூறு வருஷமாக ஒவ்வொரு தை மாதமும் இதே வேலை நடக்கிறது. இடுப்பில் சாக்குப் பை கட்டிய பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்கிறார்கள், பச்சை கிளையிலேயே நிற்கிறது. ஒரு பாட்டி ஒரு பழத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். தோல் பிளந்து இரண்டு கொட்டையும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. மேலே கொழகொழவென்று ஒரு பசை, நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கிறது. காப்பி மணம் கொஞ்சமும் இல்லை. அதெல்லாம் காய்ந்து, வறுத்த பிறகுதான் வரும் என்றார்.

சாயங்காலம் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 5,300 அடிக்கு மேல். மரமில்லாத புல்வெளி, காற்று ஆளைத் தள்ளுகிறது. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்தக் குகை வழி காவிரி வரை போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். பூசாரி தீபத்தைக் காட்டியபோது கொலுசுக்கார அண்ணன் அம்மாபேட்டை அம்மாவின் தலைக்கு மேல் பாறையில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், இடித்துக்கொள்ளாமல் இருக்க. அம்மா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

வெளியே வந்ததும் முருகன் பேச்சு வந்தது. பத்துமலை முருகன் 140 அடி, 2006இல் திறந்தது. நம் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன் 2022இல் வந்தவர், 146 அடி. “அப்ப நம்மூர் முருகன்தான் ஒசரம், அங்க எதுக்குப் போறோம்?” என்று ஒரு பொடியன் கேட்டான். “அண்ணன் வீட்டுக்கும் போவணும், தம்பி வீட்டுக்கும் போவணும்” என்றார் அம்மா.

ராத்திரி வராந்தா மூலையில் நோட்டீஸ் பதில். தங்கச்சி காப்பி போட்டுக்கொண்டு வந்து, “கணக்கு நான் சரிபார்க்கட்டுமாக்கா?” என்று உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இன்வாய்ஸை ஒவ்வொன்றாக அடித்து வந்தோம். இடித்தது ஒரே ஒரு பில். மார்ச் தேதி பில்லை சப்ளையர் ஏப்ரலில் காட்டியிருக்கிறார். 12.10க்கு முடிந்தது. கோலாலம்பூரில் என் பாதி வேலையை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். “எனக்குப் பாஸ்போர்ட்ல இன்னும் ஒரு ஸ்டாம்ப்கூட இல்லியேக்கா” என்றாள். எண்ணத் தெரியுமே, அது போதும் என்றேன்.

ஜனவரி 26, திங்கள், இறங்கினோம்

காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். வேடிக்கை பார்க்க நின்ற எங்களையும் உள்ளே கூப்பிட்டு, ஹெச்.எம். சாரை முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாய் தட்டு 17 பேருக்கும் வந்தது. எண்ணி வாங்கிய மிட்டாயாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து ஈடு செய்தோம்.

சேலம் பஸ் எதிலும் கால் வைக்க இடமில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டு ஜீப் பேசி குப்பனூர் வழியாக இறங்கினோம். லீவு கூட்டத்துக்கு ஜீப்புக்கு 2,500 கேட்டார்கள், 2,200க்கு வந்தார்கள். கொலுசுக்கார அண்ணன் முன் சீட்டைத் தானாகவே டீச்சரம்மாவுக்கு விட்டார். மிளகு மூட்டை அவர் மடியில்.

பிரிவதற்கு முன் சேலத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட். தட்டைக்கு நடுவில் துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு நிறச் சட்னி. ஒரு செட் 35. மூன்று நாள் குளிருக்குப் பிறகு அந்தக் காரம் தொண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரை இவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர் யார் என்றே தெரியாது.

ஜனவரி 27, செவ்வாய், ஆபீஸ்

நோட்டீஸ் பதில் காலை 11.40க்கு ஏற்றியாகிவிட்டது. அதற்கப்புறம் சார் அறைக்குப் போய், பிப்ரவரி 21 முதல் 28 வரை என் போன் குழுவுக்கு மட்டும்தான் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “அவசரம்னா?” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைச் சொன்னேன். ஒரு மணி இருபது நிமிஷம். கேட்டுவிட்டு, என் ஃபைல்களை ஜூனியர் தம்பியிடம் 15ஆம் தேதிக்குள் ஒப்படைக்கச் சொன்னார். மலேசியா இரண்டரை மணி நேரம் நமக்கு முன்னால், அங்கே சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் இங்கே ஆபீஸ் சூடு பிடிக்கும், அதனால் மெயிலும் பார்க்க மாட்டேன் என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். 31ஆம் தேதி டிடிஎஸ் ரிட்டர்னை முடித்துவிட்டுத்தான் போவாய் என்றார். அது சரி.

சாயங்காலம் அம்மாபேட்டை அம்மாவின் பேரன் போனிலிருந்து ஒரு குரல் செய்தி. மூச்சு வாங்குகிற சத்தம்தான் முதலில் கேட்டது. “கண்ணு, எங்க மொட்டை மாடிக்குப் பதினாறு படி. ஆறு தடவை ஏறி எறங்கிட்டேன். தொண்ணூத்தாறு. ஷூ இப்பக் கடிக்கல.”